கதவு யாருடையது? விளையாட்டு சர்வரில் பேச்சுரிமை

கடந்த கோடை விடுமுறையில் என் அக்கா மகன் போன் செய்தான். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். "மாமா, என்னை பேன் பண்ணிட்டாங்க. மூணு மாசமா கட்டின கோட்டை உள்ளே இருக்கு. எனக்குப் பேச்சுரிமையே கிடையாதா?" என்றான். குரல் கம்மியிருந்தது.

விஷயம் இதுதான். மைன்கிராப்ட் என்ற விளையாட்டை இருபது பேர் கொண்ட ஒரு தனியார் சர்வரில் அவன் விளையாடி வந்தான். நடத்தியவர் ஒரு கல்லூரி மாணவர். அவர் தனக்கு வேண்டியவர்களுக்கு மட்டும் வைரம் அள்ளிக் கொடுக்கிறார் என்று சாட்டில் நாலைந்து முறை இவன் எழுதியிருக்கிறான். கெட்ட வார்த்தை எதுவும் இல்லை. மறுநாள் உள்ளே நுழைய முடியவில்லை.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி ஒரு நாள் வரும். எனவே இந்த மாதம் அதைப் பார்ப்போம்.

முதலில் சர்வர் என்றால் என்ன? பலர் சேர்ந்து விளையாடும்போது அந்த விளையாட்டு உலகம் உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பதில்லை. வேறு ஒருவருடைய கம்ப்யூட்டரில் ஒரு போல்டராக இருக்கிறது. நீங்கள் இன்டர்நெட் வழியாக அதனுடன் இணைகிறீர்கள். மைன்கிராப்ட் ஜாவா பதிப்புக்கான சர்வர் புரோகிராமை யார் வேண்டுமானாலும் இலவசமாக டவுன்லோட் செய்து வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே இயக்கலாம். நடத்துபவர் 'கிக்' என்று டைப் செய்து உங்கள் பெயரையும் கொடுத்து என்டர் தட்டினால் நீங்கள் வெளியே வந்துவிடுவீர்கள். ஆனால் உடனே திரும்பி நுழையலாம். 'பேன்' என்று கொடுத்தால் நுழைய முடியாது. 'பார்டன்' கொடுத்தால் தடை நீங்கும். 'ஒயிட்லிஸ்ட்' இயக்கப்பட்டிருந்தால் பட்டியலில் பெயர் உள்ளவர்கள் மட்டுமே வரலாம். அந்தச் சின்ன உலகத்துக்குப் போலீஸ், கோர்ட் எல்லாம் இந்த நாலு வார்த்தைகள்தான்.

சரி, பேச்சுரிமை? இது குறித்த வழக்குகள் அமெரிக்காவில்தான் அதிகம் நடந்துள்ளன. பெரிய விளையாட்டு நிறுவனங்கள் பல அங்கே இருப்பதே காரணம். 1791-ல் அந்நாட்டு அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட முதல் திருத்தம் பேச்சுரிமையைக் காக்கிறது. ஆனால் அது கட்டிப்போடுவது அரசாங்கத்தை. தன் வீட்டுக்குள் யார் பேசலாம் என்று முடிவு செய்யும் தனியாரை அது தடுப்பதில்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அலபாமா மாநிலத்தில் சிக்கசா என்றொரு ஊர். தெரு, கடை, நடைபாதை என்று ஊர் முழுவதும் ஒரு கப்பல் கட்டும் கம்பெனிக்குச் சொந்தம். அங்கே மதப் பிரசுரம் விநியோகித்த ஒரு பெண் அத்துமீறி நுழைந்ததாகக் கைது செய்யப்பட்டார். மற்ற ஊர்களைப் போலவே இயங்கும் ஊரில், சொந்தக்காரர் கம்பெனி என்பதற்காக மக்களின் உரிமை போய்விடாது என்று 1946-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. விளையாட்டு உலகமும் கம்பெனி ஊர்தானே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கிலிருந்து தடை செய்யப்பட்ட ஒருவருக்கும் தோன்றியது. சோனி மீது வழக்குப் போட்டார். கலிபோர்னியாவில் இருந்த நீதிமன்றம் 2009-ல் அதைத் தள்ளுபடி செய்தது. அது ஒரு நிறுவனம் நடத்தும் பொழுதுபோக்குச் சேவை, ஊராட்சி நடத்தும் ஊர் இல்லை என்பது தீர்ப்பின் சாரம்.

ஆக, மருமகனுக்குச் சொல்ல வேண்டிய முதல் பதில்: சட்டம் உன் பக்கம் வராது.

இரண்டாவது பதிலுக்கு ஒரு பேராசிரியரின் கதை உதவும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்த பீட்டர் லட்லோ, 'தி சிம்ஸ் ஆன்லைன்' என்ற விளையாட்டில் ஆல்பாவில் என்ற நகரத்தில் குடியிருந்தார். 2003-ல் 'ஆல்பாவில் ஹெரால்டு' என்ற பெயரில் அந்த நகரத்துக்கென்று ஒரு செய்தி இதழ் தொடங்கினார். புதியவர்களை ஏமாற்றி விளையாட்டுப் பணத்தைப் பிடுங்கும் ஆட்கள், விளையாட்டுக்குள் வளர்ந்துவிட்ட அசிங்கங்கள், அவற்றைக் கண்டுகொள்ளாத நிர்வாகம் என்று எல்லாவற்றையும் எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் அவருடைய கணக்கை மூடிவிட்டது. செய்தி எழுதியதற்காக என்று அது சொல்லவில்லை. விளையாட்டுக்குள் இருந்த அவருடைய அறிமுகக் குறிப்பில் வெளி இணைய முகவரி ஒன்றைக் கொடுத்தது விதிமீறல் என்று சொன்னது. அப்படி ஒரு விதி இருந்தது உண்மை. அந்த விதியை எத்தனை பேர் மீறினார்கள், எத்தனை பேர் வெளியேற்றப்பட்டார்கள் என்பதுதான் கேட்கப்பட வேண்டிய கேள்வி. லட்லோ வழக்குப் போடவில்லை. 'செகண்ட் லைப்' என்ற வேறு உலகத்துக்குக் குடிபெயர்ந்து இதழைத் தொடர்ந்தார். ஆல்பாவில் இருந்த விளையாட்டோ 2008-ல் மூடப்பட்டது.

சர்வரை நடத்துபவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2022 ஜூலையில் வந்த மைன்கிராப்ட் 1.19.1 பதிப்பில், சாட் செய்திகளைப் பற்றி நேரடியாகத் தயாரிப்பு நிறுவனத்திடம் புகார் செய்யும் வசதி சேர்க்கப்பட்டது. புகார் உறுதியானால், உங்கள் நண்பர் தன் வீட்டில் இயக்கும் தனியார் சர்வர் உட்பட எதிலும் பலருடன் சேர்ந்து விளையாட முடியாது. தனியாக விளையாடலாம். என் வீட்டுக்குள் நடக்கும் பேச்சில் உனக்கென்ன வேலை என்று சர்வர் நடத்துபவர்கள் கொதித்தார்கள். தாங்களாக யாருடைய சாட்டையும் கண்காணிப்பதில்லை, புகார்களை மனிதர்களே படித்து முடிவு செய்கிறார்கள் என்று நிறுவனம் விளக்கியது. குழந்தைகள் அதிகம் விளையாடும் இடம் என்பதால் எனக்கு நிறுவனத்தின் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு. கொதித்தவர்களின் கோபமும் புரிகிறது.

விதியே வேண்டாம், விளையாடுபவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால்? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பாவெல் கர்ட்டிஸ் 1990-ல் தொடங்கிய 'லாம்டாமூ', எழுத்தால் மட்டுமே ஆன ஓர் உலகம். படம் கிடையாது. பஞ்சாயத்துத் தீர்த்துக் களைத்துப்போன நிர்வாகிகள், இனித் தொழில்நுட்ப வேலை மட்டுமே எங்களுடையது என்று 1992 இறுதியில் அறிவித்தார்கள். சில மாதங்களில், 1993 மார்ச்சில், ஒரு நபர் பலர் கண்முன்னே மற்ற உறுப்பினர்களை மிக ஆபாசமாக எழுதித் துன்புறுத்தினார். அவரை வெளியேற்றுவது யார், எந்த விதிப்படி என்று பெரிய விவாதம் நடந்தது. முடிவு எட்டப்படாமலேயே ஒரு நிர்வாகி தன்னிச்சையாக அவரை நீக்கிவிட்டார். பிறகு கர்ட்டிஸ் மனு, வாக்கெடுப்பு என்று ஒரு முறையை அமைத்தார். அதுவும் இழுபறியாகி, 1996-ல் நிர்வாகிகள் மறுபடி பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது என் சொந்தக் கதை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மகளுக்கும் அவள் தோழிகளுக்கும் வீட்டில் ஒரு சர்வர் அமைத்துக் கொடுத்தேன். விதி என்று ஒரே வரி எழுதினேன்: 'மரியாதையாக நடந்துகொள்ளவும்'. ஒரு நாள் ஒரு சிறுமி, தன் வீட்டை இன்னொருத்தி இடித்துவிட்டாள் என்று பெரிய எழுத்துகளில் சாட்டை நிரப்பினாள். எனக்கு ஆபீஸ் எரிச்சல். பேன் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் சர்வர் போல்டருக்குள் 'லாக்ஸ்' என்ற போல்டரைத் திறந்து பார்த்தேன். சாட்டில் எழுதிய ஒவ்வொரு வரியும் நேரத்துடன் அதில் பதிவாகியிருக்கும், நோட்பேடில் திறக்கலாம். அவள் ஏழு முறை அமைதியாகக் கேட்டிருந்தாள். யாரும் பதில் சொல்லவில்லை. எட்டாவது முறைதான் கத்தியிருக்கிறாள்.

அன்று கற்றதை உங்களுக்கும் சொல்கிறேன். 'மரியாதை' என்று எழுதினால் அதன் பொருளை அன்றைய உங்கள் மனநிலை முடிவு செய்யும். 'பிறர் கட்டியதை இடிக்கக்கூடாது', 'ஒருவரின் சாதி, மதம், உடல் பற்றிப் பேசக்கூடாது', 'நிர்வாகியைக் குறை சொல்லலாம்' என்று தெளிவாக எழுதுங்கள். அந்தக் கடைசி விதியை எழுத மனம் வராது. அதைத்தான் முதலில் எழுத வேண்டும். பேன் கட்டளையில் பெயருக்குப் பின் காரணத்தையும் டைப் செய்யலாம். யார் தடை செய்தார், எப்போது, ஏன் என்பது 'பேன்டு பிளேயர்ஸ்' என்ற பைலில் பதிவாகும். காரணத்தை விட்டுவிட்டால் 'ஆபரேட்டரால் தடை' என்று மட்டும் இருக்கும். தடைக்குக் கால அளவு கொடுக்கும் வசதி இந்தக் கட்டளையில் இல்லை. 'பார்டன்' கொடுக்கும் நாளைக் காலண்டரில் நீங்களே குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பிள்ளை வேறொருவர் சர்வரில் சேர்கிறான் என்றால், கோட்டை கட்டுவதற்கு முன் மூன்றைக் கேட்கச் சொல்லுங்கள்: விதிகள் எங்கே எழுதியுள்ளன? தடை செய்தால் யாரிடம் முறையிடுவது? உலகத்தின் பேக்கப் எடுக்கப்படுகிறதா?

மருமகனை, நடந்ததைத் தேதியுடன் எழுதி அந்தக் கல்லூரி மாணவருக்கு அனுப்பச் சொன்னேன். "வைரம் பற்றி எழுதியது உண்மைதான், ஆனால் எல்லார் முன்னாலும் நாலு தடவை எழுதியிருக்க வேண்டாம். ஒரு முறை உங்களிடம் தனியாகக் கேட்டிருக்கலாம்" என்று ஒரு வரி அவனே சேர்த்தான். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. தடை நீங்காது, வேண்டுமானால் உலகத்தின் காப்பி தருகிறேன் என்று. ஜிப் பைலாக அனுப்பினார். அதை விரித்து மைன்கிராப்டின் 'சேவ்ஸ்' போல்டரில் போட்டோம். கோட்டை அப்படியே இருந்தது. அன்று மாலை முழுவதும் அதற்குள் சுற்றினான். "யாருமே இல்ல மாமா" என்றான். இப்போது அதே உலகத்தை வைத்துத் தானே ஒரு சர்வர் தொடங்க வேண்டுமாம். விதிகள் எழுத ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்து வைத்திருக்கிறான்.