பலூனில் ஏறிய பேராசிரியர்

முழுச் சூரிய கிரகணம் ஓர் ஊரில் ஒருமுறை தோன்றினால், அதே ஊரில் அது மீண்டும் தோன்றச் சராசரியாக முந்நூறு நானூறு ஆண்டுகள் செல்லும். தோன்றும்போதும் அது நெடுநேரம் நிலைப்பதன்று. நிலவின் வட்டம் கதிரவனை முற்றும் மறைத்து நிற்கும் காலம் சில நிமிடங்களே. எட்டு நிமிடத்தை அது எட்டுவதில்லை. அச்சிறுபொழுதில்தான் கதிரவனைச் சூழ்ந்துள்ள ஒளிமுடி கண்ணுக்குப் புலனாகும். மற்றை நாள்களில் பகலவனின் பேரொளி அதனை விழுங்கிவிடுகிறது. ஆதலால், சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் அறிஞர்கள், கருவிகளைச் சுமந்து கடல்கடந்து, கிரகண நிழல் விழும் இடந்தேடி அலைந்தனர். அவ்வேளையில் ஒரு சிறு மேகம் குறுக்கே வந்துவிட்டால், பல்லாண்டு உழைப்பும் ஆற்றில் கரைத்த புளியாய்ப் போகும்.

பிரெஞ்சு நாட்டு வானூல் அறிஞர் ஜான்சென் என்பார் 1868-ஆம் ஆண்டில், அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த குண்டூருக்கு வந்து முழுக் கிரகணத்தை நன்கு கண்டு ஆராய்ந்தவர். 1870 டிசம்பரில் மற்றொரு கிரகணம் வந்தது. அப்பொழுது பாரிஸ் மாநகரைப் பிரஷ்யப் படைகள் முற்றுகையிட்டிருந்தன. ஜான்சென் ஒரு பலூனில் ஏறிப் பகைவர் தலைக்குமேல் பறந்து வெளியேறி, ஆப்பிரிக்காவின் வடகரையிலுள்ள ஓரான் நகரை உரிய நாளில் அடைந்தார். கிரகணமும் வந்தது, கூடவே மேகமும் வந்தது. பகைப்படையைக் கடந்தவரால் மேகத்தைக் கடக்க முடியவில்லை.

மேகம் மறைத்தால் அதற்கு மேலே சென்று பார்த்தல் ஆகாதோ? ஆகும். இக்காலத்தில் சிறு விமானங்களில் ஏறி, மேகப்படலத்தைக் கடந்து கிரகணம் காண்போர் உளர். 1973 ஜூன் 30-இல் கான்கார்டு விமானமொன்று, ஆப்பிரிக்காவின்மீது விரைந்த நிலவின் நிழலைத் தொடர்ந்து பறந்தது. அதிலிருந்தவர்கள் முழுக் கிரகணத்தை 74 நிமிடம் கண்டனர். ஆனால் மனிதன் விமானத்தில் முதன்முதல் பறந்தது 1903-இல்தான். அதற்கு முன்பே இம்முயற்சியில் தலைப்பட்டவர் ஒருவர் உண்டு. அவர் வானூல் அறிஞரும் அல்லர், பலூனோட்டியும் அல்லர். தனிமங்களை வரிசைப்படுத்தி 1869-இல் அட்டவணை வகுத்த ரஷ்ய நாட்டு வேதியியல் பேராசிரியர் மெண்டலீவ் அவர்.

வாயுக்களின் இயல்பை நெடுங்காலம் ஆராய்ந்தமையால், வளிமண்டலத்தின் மேலடுக்குகளைப் பற்றியும் அவர் எண்ணி வந்தார். 1887 ஆகஸ்டு 19-ஆம் நாள் விடியற்காலையில் கிரகணத்தின் நிழல் ரஷ்யாவின் குறுக்கே செல்லவிருந்தது. மாஸ்கோவுக்கு வடமேற்கேயுள்ள கிளின் என்னும் சிற்றூரில், ஹைட்ரஜன் வாயு நிரப்பிய பலூன் ஒன்று ஆயத்தமாயிற்று. அதனைச் செலுத்தக் கொவான்கோ என்னும் படைத்துறை அதிகாரி அமர்த்தப்பட்டார். அவர் அக்கலையில் பயின்றவர். அவரோடு மெண்டலீவும் ஏறுவதென்பது ஏற்பாடு.

இரவெல்லாம் தூறல். விடிந்தபோது வானம் முழுவதும் மேகம். கூடியிருந்த மக்கள் கலங்கினர். பலூனின் துணியும் கயிறுகளும் வலையும் நீரில் ஊறிக் கனத்தன. ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையைத்தான் தூக்கவல்லது. ஊறிய நீரின் பாரமும் அவ்வாயுவே தூக்க வேண்டியதாயிற்று. இருவரும் கூடையில் ஏறி நின்றனர், பலூன் எழவில்லை. கிரகணமோ யாருக்காகவும் காத்திராது.

யார் இறங்குவது? முறைப்படி பார்த்தால், ஓட்டத் தெரிந்தவர் இருக்க, தெரியாதவர் இறங்க வேண்டும். மெண்டலீவுக்கு அப்போது வயது 53. பாரிஸ் நகரில் 1878-இல், தரையோடு கயிற்றால் பிணித்த பலூனில் அவர் ஏறியதுண்டு. கட்டற்ற பலூனைச் செலுத்தி அறியார். எனினும் தாம் தனியே செல்வதாகக் கூறி, கொவான்கோவை இறங்கச் சொன்னார். வாயுவை வெளிவிடும் அடைப்பு எது, நங்கூரம் எது என்று அவசரமாகச் சொல்லிவிட்டு அவரும் இறங்கினார். பலூன் எழுந்தது.

இது துணிவா, முரட்டுத்தனமா என்று வினவுவோர் உண்டு. பின்னர் எழுதிய கட்டுரையில் மெண்டலீவ் காரணம் கூறியுள்ளார். பேராசிரியர்கள் என்றால் பேசுவார்கள், அறிவுரை சொல்வார்கள். கையால் ஒரு வேலை செய்யத் தெரியாது என்பது பொதுமக்கள் எண்ணம். சால்டிகோவ் ஷெட்ரின் என்னும் ரஷ்ய எழுத்தாளர் 1869-இல் எழுதிய கதையொன்றில், ஆளில்லாத் தீவில் அகப்பட்ட தளபதிகள் இருவர், உணவு தேடவும் அறியாது பட்டினி கிடந்து, ஒரு குடியானவன் உழைப்பால் பிழைக்கிறார்கள். இயற்கையை ஆராய்வோரையும் அத்தளபதிகளோடு சேர்த்து எண்ணுதல் நேரிதன்று என்று காட்டவே தாம் சென்றதாக அவர் எழுதினார். உயிரைப் பணயம் வைத்து மறுக்கத்தக்க பழியா அது என்பது வேறு கேள்வி.

எழுந்த பலூன் விரைந்து ஏறவில்லை. பாரமாக வைத்திருந்த மணலோ ஈரத்தில் இறுகிக் கிடந்தது. மெண்டலீவ் அதனை அள்ளி அள்ளி வெளியே எறிந்தார். மேகத்தினூடே பலூன் மெல்ல ஏறியது. கடந்து மேலே வந்தபோது, அவர் நாடிய காட்சி எதிரே நின்றது: கரிய நிலவு வட்டம், அதனைச் சுற்றி வெள்ளி நிறத்தில் ஒளிமுடி. அவர் உற்று நோக்கினார். நோக்கிக்கொண்டிருக்கும்போதே, இன்னும் உயரத்தில் மிதந்த மேகத்துண்டு ஒன்று அதனை மறைத்தது. கண்டது சில நொடிகளே. மேகத்திற்கு மேலும் மேகம் உண்டு என்பதை எதிர்பார்த்தார் யார்?

கிரகணம் நீங்கிற்று. அவர் அதனோடு இறங்க முயலவில்லை. பலூன் 3,000 மீட்டருக்கும் மேலே ஏறியது. காற்றின் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் அளந்து குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு சென்றார். இறங்குவதற்காக வாயு அடைப்பின் கயிற்றை இழுத்தபோதுதான் இடர் நேர்ந்தது. அக்கயிறு மற்றக் கயிறுகளோடு சிக்குண்டிருந்தது, அடைப்புத் திறக்கவில்லை. வாயுவை வெளிவிடாமல் விரும்பிய இடத்தில் இறங்குதல் இயலாது. காற்று இழுத்த இழுப்பில் போக வேண்டியதுதான். மெண்டலீவ் கூடையின் விளிம்பில் ஏறி, கீழே பாதாளம் போல் நிலம் கிடக்க, நின்று சிக்கை அவிழ்த்தார். கல்லூரியில் சோதனைக்குழாய் பிடித்த கைதான் அது.

கயிறு இயங்கியது. பலூன் படிப்படியாகத் தாழ்ந்தது. வயலும் காடும் தெளிந்தன, ஆட்களும் தெரிந்தனர். தொங்கவிட்ட நீண்ட கயிறு தரையில் உராய்ந்து சென்றது. அவர் மேலிருந்து கூவினார். வயலில் நின்றவர்கள் ஓடிவந்து கயிற்றைப் பற்றி இழுத்து நிறுத்தினர். கிளின் நகரிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு அவ்விடம்.

ஊர் எது என்று வினவியபோது கிடைத்த விடை, ஸ்பாஸ் உகோல் என்பது. தளபதிகள் கதையை எழுதிய சால்டிகோவ் 1826-இல் பிறந்த ஊரே அது. கயிற்றைப் பற்றி அவரை நிலத்தில் இறக்கியவர்களும் அவ்வூர்க் குடியானவர்களே.