நான்கு பிளக், நான்கு காயில்

ஐப்பசி மாதம். காலையிலிருந்தே மழை. கரமனை ஆறு கலங்கி ஓடியது. ஆற்றுக்கு அருகே ஒரு பட்டறை. அதன் வாசலில் ஒரு பெட்ரோல் டாக்சி வந்து நின்றது. என்ஜின் நடுங்கியது. டாஷ்போர்டில் என்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

"ஆசானே, நேற்று பம்பு வைத்து என்ஜினைக் கழுவினேன். இன்று ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை. களியக்காவிளைக்கு ஒரு சவாரி இருக்கிறது. போய்விட்டு வந்து பார்க்கலாமா?" என்றார் டிரைவர்.

"வேண்டாம் தம்பி. இந்த விளக்கு விட்டு விட்டு எரிந்தால் வண்டியை ஓட்டக் கூடாது. என்ஜினை நிறுத்து" என்றார் ஆசான்.

பட்டறைப் பையன் பானெட்டைத் திறந்தான்.

"என்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு பிளக்காகக் கழற்றிப் பார்க்கட்டுமா ஆசானே? முன்பு வேலை பார்த்த இடத்தில் அப்படித்தான் பார்ப்போம்."

"அது பழைய வண்டிப் பழக்கம், மக்களே. இதில் அப்படிச் செய்தால் ஷாக் அடிக்கும். காயிலும் கெட்டுப்போகும்."

பொறி எப்படி வருகிறது?

பெட்ரோலும் காற்றும் கலந்து என்ஜினுக்குள் எரிகின்றன. பிளக்கின் நுனியில் வரும் தீப்பொறிதான் அதைப் பற்ற வைக்கிறது. பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். பொறி வர அது போதாது. பல ஆயிரம் வோல்ட் வேண்டும். அதைக் கொடுப்பது காயில்.

காயிலுக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் உண்டு. ஒன்றில் சுற்றுகள் குறைவு. மற்றதில் சுற்றுகள் மிக அதிகம். முதல் சுருளில் ஓடும் மின்சாரத்தைச் சட்டென்று நிறுத்தினால், இரண்டாவது சுருளில் 20,000 வோல்ட்டுக்கு மேல்கூட எழும். இதற்கு அடிப்படையான உண்மையை மைக்கேல் பாரடே என்ற விஞ்ஞானி 1831இல் கண்டறிந்தார்.

பழைய அம்பாசிடர் காரில் ஒரே ஒரு காயில் இருந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் என்ற கருவி அதன் மின்சாரத்தை நான்கு பிளக்குகளுக்கும் முறை வைத்துக் கொடுத்தது. நடுவில் நீண்ட வயர்கள் இருந்தன. இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றில் அந்த வயர்கள் இல்லை. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில் அமர்ந்திருக்கிறது. எப்போது பொறி தர வேண்டும் என்று வண்டியின் கம்ப்யூட்டர் சொல்கிறது.

எண் சொன்ன செய்தி

ஆசான் ஸ்கேனரை மாட்டினார். 'பி 0302' என்று தெரிந்தது.

"கடைசி எண்ணைப் பார். இரண்டாவது சிலிண்டரில் பொறி தவறுகிறது. ஆனால் கெட்டது காயிலா, பிளக்கா, வேறு ஏதாவதா? அதை இந்த எண் சொல்லாது. நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்."

என்ஜின் ஆறியது. சாவியை எடுத்தார்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினார்கள். இரண்டாவது காயிலின் போல்ட்டைக் கழற்றி, மெல்லத் திருப்பி, நேராக மேலே தூக்கினார்கள். பிளக் குழியில் தண்ணீர் நின்றது. காயிலின் அடியில் உள்ள ரப்பரில் ஒரு வெடிப்பு இருந்தது.

குழியைக் காற்றடித்து உலர்த்தினார்கள். பிறகு இரண்டாவது காயிலை மூன்றாவது இடத்திலும், மூன்றாவது காயிலை இரண்டாவது இடத்திலும் மாட்டினார்கள். பழைய எண்ணை அழித்துவிட்டு என்ஜினை ஓட்டினார்கள். இப்போது 'பி 0303' என்று வந்தது.

"காயில் போன இடத்துக்குக் கோளாறும் போயிற்று!" என்றான் பையன்.

"ஆமாம். எனவே கெட்டது காயில்தான். எண் மாறாமல் இருந்தால் பிளக்கைப் பார்க்க வேண்டும். அதுவும் சரி என்றால் இன்ஜெக்டரைப் பார்க்க வேண்டும்."

புதிய காயில் மாட்டியதும் நடுக்கம் நின்றது.

"அப்படியே சவாரி போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று டிரைவர் கேட்டார்.

"எரியாத பெட்ரோல் புகைக் குழாய்க்குப் போகும். அங்கே புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர் இருக்கிறது. பெட்ரோல் அதற்குள் எரிந்து அதைக் கெடுத்துவிடும். அதன் விலை ஒரு காயிலின் விலையைப் போலப் பல மடங்கு."

பையன் ஸ்கேனரையே பார்த்துக்கொண்டிருந்தான். "இதையெல்லாம் எங்கே படித்தீர்கள் ஆசானே?"

ஆசான் சிரித்தார். "சின்ன வயதில் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. 1991 ஏப்ரல் 18 அன்று கேரளம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவித்தார்கள். அதற்கு முந்தைய வருடம்தான் இரவு வகுப்பில் எழுத்தும் எண்ணும் படித்தேன். அன்று படித்ததால்தான் இன்று இந்த வேலை என் கையில் இருக்கிறது."

நினைவில் கொள்வோம்

1. என்ஜின் மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கக் கூடாது.
2. பிளக்கைக் கையேட்டில் சொன்ன கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். பிளக் தேய்ந்தால் காயிலுக்குச் சுமை கூடும்.
3. பிளக்கைக் கழற்றும் முன் குழியில் உள்ள தூசியை ஊதி எடுக்க வேண்டும். மாட்டும்போது முதலில் கையால் திருக வேண்டும்.
4. குழியில் ஆயில் இருந்தால் மேல் மூடியின் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும்.
5. என்ஜின் ஓடும்போது காயிலைத் தொடக் கூடாது.

பயிற்சி

1. பேட்டரியில் இருப்பது ______ வோல்ட்.
2. 'பி 0304' என்று வந்தால் எந்தச் சிலிண்டரைப் பார்க்க வேண்டும்?
3. ஆசான் ஏன் இரண்டு காயில்களை இடம் மாற்றினார்? இரண்டு வரிகளில் எழுதுங்கள்.