ஏப்ரல் 15-க்குள்: அமெரிக்காவில் மேற்படிப்புப் படிப்போரின் வரிக்கணக்கு

மார்ச் பிறந்துவிட்டால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் நம் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சுதான்: "மச்சி, உனக்கு ரீஃபண்ட் எவ்வளவு?" அதற்கு வரும் பதில்களைப் பார்த்து உங்கள் கணக்கைப் போடாதீர்கள். ஒருவர் டிஏ (கற்பித்தல் உதவியாளர்) வேலை பார்க்கிறார். இன்னொருவர் ஃபெலோஷிப்பில் இருக்கிறார். மூன்றாமவர் வந்து ஆறு வருடம் ஆகிறது. மூவருக்கும் மாதம் ஒரே தொகை ஸ்டைபெண்டாக வந்தாலும் வரி மூன்று விதம். 2025-ஆம் ஆண்டு வருமானத்துக்கு, சம்பளம் வாங்கிய எல்லோரும் இந்த ஏப்ரல் 15, புதன்கிழமைக்குள் தாக்கல் செய்தாக வேண்டும்.

டிஏ, ஆர்ஏ (ஆய்வு உதவியாளர்) சம்பளத்துக்கான டபிள்யூ-2 படிவம் இதற்குள் வந்திருக்கும். அது வந்த வேகத்தில் தாக்கல் செய்துவிட வேண்டாம். ஃபெலோஷிப் பணம் ஒரு பகுதியாவது வாங்கியிருந்தால் 1042-எஸ் என்று இன்னொரு படிவம் உண்டு. அது மார்ச் நடுவில்தான் வரும். அவசரப்பட்டு அனுப்பிவிட்டு, பிறகு திருத்தப் படிவம் போட்டு, மாதக்கணக்கில் காத்துக் கிடப்பது வீண் வேலை.

முதலில் ஒரு பயத்தை விலக்கிவிடலாம். டிஏ, ஆர்ஏ வேலைக்காகப் பல்கலைக்கழகம் தள்ளுபடி செய்யும் கல்விக் கட்டணம் உங்கள் வருமானம் ஆகாது. வரிச் சட்டத்தின் 117-ஆம் பிரிவு அதற்கு விலக்குத் தருகிறது. 2017-இல் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய வரி மசோதா இந்த விலக்கை எடுத்துவிடப் பார்த்தது. நாடெங்கும் ஆய்வு மாணவர்கள் வகுப்பையும் ஆய்வகத்தையும் விட்டு வெளியே வந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இறுதிச் சட்டத்தில் அந்த யோசனை இடம்பெறவில்லை. இடம்பெற்றிருந்தால், 25,000 டாலர் கையில் வாங்கி 40,000 டாலர் கட்டணத் தள்ளுபடி பெறுபவர் 65,000 டாலர் சம்பாதித்தவராகக் கணக்கில் ஏறியிருப்பார். கண்ணில் படாத பணத்துக்கு வரி! ஆகவே பல்கலைக்கழகம் தரும் கல்விக் கட்டண விவரமான 1098-டி படிவத்தில் பெரிய தொகை ஒன்றைப் பார்த்தால் பதற வேண்டாம். வெளிநாட்டு மாணவராகத் தாக்கல் செய்பவருக்குக் கல்விச் செலவுக்கான வரிச்சலுகை கிடையாது. எனவே அந்தப் படிவத்தால் உங்களுக்குப் பயனும் இல்லை.

ஃபெலோஷிப்பில் கல்விக் கட்டணத்துக்கும் பாடத்துக்குக் கட்டாயமான புத்தகம், கருவிகளுக்கும் போகும் பகுதிக்கு வரி இல்லை. வாடகை, சாப்பாடு, விமான டிக்கெட், அந்தப் பணத்தில் கட்டிய மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் எல்லாவற்றுக்கும் வரி உண்டு. எஃப்-1 மாணவர் விசாக்காரர்களுக்கு இந்தப் பகுதியில் பொதுவாக 14 சதவீதத்தை முன்கூட்டியே பிடித்துவிடுவார்கள்.

பிடித்ததைத் திரும்பப் பெறும் வழி இந்தியர்களுக்குச் சற்று அகலமானது. 1989-இல் கையெழுத்தான இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆவது பிரிவு, இரண்டாம் உட்பிரிவுப்படி, இந்தியாவிலிருந்து வந்த மாணவர்கள் அமெரிக்கர்களைப் போலவே நிலையான கழிவை (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) எடுத்துக்கொள்ளலாம். மற்ற நாட்டு மாணவர்களுக்குப் பொதுவாக இது இல்லை. 2025-க்கு, தனிநபருக்கான கழிவு 15,750 டாலர். 30,000 டாலர் சம்பளம் வாங்கிய ஒரு ஆர்ஏ இதை எடுக்க மறந்தால் மத்திய வரி ஏறக்குறைய 3,360 டாலர், எடுத்தால் 1,470. வித்தியாசம் 1,890 டாலர், பல ஊர்களில் இரண்டு மாத வாடகைக்குக் காணும். ஃபெலோஷிப்பாக 20,000 டாலர் வாங்கி 2,800 பிடிக்கப்பட்டவருக்கு உண்மையான வரி 425 டாலர்தான். மீதி 2,375 அவருடைய பணம். பக்கத்து மேசைச் சீன நண்பரின் ஒப்பந்தம் வேறு. அவர் நிரப்பியதைப் பார்த்து எழுதாதீர்கள். அதே காரணத்தால் இலங்கையிலிருந்து வந்த தமிழ் மாணவர்களுக்கும் இந்தக் கழிவு பொருந்தாது.

நிரப்ப வேண்டியது வெளிநாட்டவருக்கான 1040-என்ஆர் படிவம். எல்லோரும் பயன்படுத்தும் டர்போடாக்ஸில் போனால் அது உள்நாட்டவருக்கான 1040-ஐத்தான் போட்டுத் தரும். பார்க்கையில் ரீஃபண்ட் பெரிதாகத் தெரியும். உங்களுக்கு உரிமையில்லாத சலுகையெல்லாம் அதில் சேர்ந்திருக்கும் என்பதால்தான் அது. பல பல்கலைக்கழகங்கள் ஸ்பிரின்டாக்ஸ் அல்லது கிளேசியர் மென்பொருளை இலவசமாகவோ சலுகை விலையிலோ தருகின்றன. சர்வதேச மாணவர் அலுவலகத்தில் இந்த வாரமே கேளுங்கள். இலவசக் குறியீடுகள் தீர்ந்துபோகலாம்.

ஐந்தாண்டைத் தாண்டியவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். எஃப்-1 விசாவில் முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள்தான் வெளிநாட்டவர் கணக்கு. டிசம்பர் 28-இல் வந்து இறங்கியிருந்தாலும் அது ஒரு முழு ஆண்டு. 2020 ஆகஸ்டில் வந்து தொடர்ந்து இங்கேயே இருப்பவர், 2025-க்குப் பெரும்பாலும் உள்நாட்டவராகவே 1040 போட வேண்டியிருக்கும். அப்போது ஊரில் உள்ள வங்கி வட்டியையும் காட்ட வேண்டும். வெளிநாட்டுக் கணக்குகளின் கூட்டு இருப்பு 10,000 டாலரை ஒரு நாள் தாண்டியிருந்தாலும் அதற்குத் தனி அறிக்கை உண்டு. ஃபெலோஷிப்பில் 14 சதவீதம் பிடிப்பதும் நின்றுவிடும். நிம்மதி என்று நினைக்காதீர்கள். ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரித் தவணைகளில் நீங்களே கட்ட வேண்டும், தவறினால் அபராதம்.

டபிள்யூ-2 கையில் இருக்கும்போதே 4, 6 எண்ணுள்ள கட்டங்களைப் பாருங்கள். முதல் ஐந்தாண்டுக்காரர்களுக்கு, ஓபிடி என்ற பயிற்சி வேலையில் இருந்தாலும், சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடிப்பு (இரண்டும் சேர்த்து 7.65 சதவீதம்) கூடாது. பிடித்திருந்தால் சம்பளப் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள். அவர்கள் தராவிட்டால் 843, 8316 என்ற இரண்டு படிவங்களோடு வரித் துறையிடம் கேட்கலாம். 1040-என்ஆரில் இதைக் கேட்க முடியாது.

வருமானமே இல்லாதவரும் 8843 படிவத்தை ஜூன் 15-க்குள் அனுப்ப வேண்டும். எஃப்-2 விசாவில் உடன் வந்த மனைவி, கணவர், குழந்தை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. மாநில வரி வேறு கணக்கு. டெக்ஸாஸ், ஃப்ளோரிடா மாணவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

நேரம் போதவில்லை என்றால் 4868 படிவம் போட்டு அக்டோபர் 15 வரை அவகாசம் வாங்கலாம். அந்த அவகாசம் தாக்கலுக்கு மட்டும். கட்ட வேண்டிய வரியை ஏப்ரல் 15-க்குள் கட்டிவிட வேண்டும். ரீஃபண்டைக் காசோலையாக அனுப்புவதை வரித் துறை கைவிட்டு வருகிறது, ஆகவே வங்கிக் கணக்கு எண்ணைச் சரிபார்த்து எழுதுங்கள். பின்னாளில் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கும்போது பழைய கணக்குகளைக் கேட்கக்கூடும். அனுப்புவதற்கு முன் முழுப் படிவத்தையும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.