குஞ்சின் தலையில் வெள்ளைப் புள்ளி: பால் சார்ந்த மரபுக்கடத்தலுக்கு ஒரு செயல்பாடு

ஆவடி, அம்பத்தூர் பகுதித் தெருக்களில் சைக்கிள் கூடையில் வரும் பச்சை, சிவப்புக் குஞ்சுகளை மாணவர்கள் ஆசையாக வாங்குகிறார்கள். "மிஸ், இது முட்டை போடுமா?" என்பதே அவர்கள் கேட்கும் முதல் கேள்வி. அந்த நிறம் வெறும் சாயம். பெரும்பாலும் அவை முட்டைக்கோழிக் குஞ்சுப் பொரிப்பகங்கள் வேண்டாமென ஒதுக்கிய சேவல் குஞ்சுகள். பிறந்த அன்றே சேவலை எப்படிப் பிரித்தார்கள் என்ற கேள்வியில் பாடத்தைத் தொடங்கலாம்.

இறகின் நீளம், கழிவுத்துளை எனப் பல அடையாளங்கள் உண்டு. வகுப்புக்கு ஏற்றது நிறம்தான். வரிச்சிறகுள்ள பிளைமவுத் ராக் பெட்டையை ரோட் ஐலண்டு ரெட் சேவலுடன் சேர்த்தால் குஞ்சுகள் எல்லாம் கறுப்பாகவே பொரிக்கும். தலையில் வெளிர் புள்ளி இருந்தால் சேவல், இல்லையென்றால் பெட்டை. நாட்டுக்கோழிக் குஞ்சுகளிடம் இந்த அடையாளத்தைத் தேட வேண்டாம். புன்னட் கட்டத்தைத் தந்த அதே புன்னட், முதல் உலகப் போர்க் காலத்தில் தீவனத்தை மிச்சப்படுத்த இவ்வகை வழியைத்தான் ஆராய்ந்தார்.

கோழியில் சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம்கள். பெட்டைக்கு ஓர் இசட், ஒரு டபிள்யூ. வரிக்கான ஓங்கு ஜீன் இசட்டில் இருக்கிறது. ஒவ்வொரு குழுவுக்கும் சட்டைப் பொத்தான்களும் தீக்குச்சியும் கொடுங்கள். வெள்ளைப் பொத்தான் வரி ஜீன் உள்ள இசட், கறுப்புப் பொத்தான் அது இல்லாத இசட், தீக்குச்சி டபிள்யூ. தாய்க்கு ஒரு வெள்ளைப் பொத்தானும் தீக்குச்சியும். தந்தைக்கு இரண்டு கறுப்பு. கண்ணை மூடி இரு பக்கமும் ஒவ்வொன்று எடுக்க வேண்டும். தீக்குச்சி வந்தால் பெட்டை. வெள்ளை வந்தால் புள்ளியுள்ள சேவல். தாயின் வரி மகனுக்கு மட்டுமே போவதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பிறகு பெற்றோரை மாற்றுங்கள்: தந்தைக்கு இரண்டு வெள்ளை, தாய்க்கு ஒரு கறுப்பும் தீக்குச்சியும். "மிஸ், இப்ப எல்லாத்துக்கும் புள்ளி வருது!" என்றாள் ஒரு மாணவி. இந்த இடத்தில் விடையைச் சொல்லிவிடாதீர்கள். பாடமே இங்கேதான் இருக்கிறது.

கோழியில் குஞ்சின் பாலைத் தீர்மானிப்பது தாயின் முட்டை. "அப்ப மனுசங்கள்ல?" என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் நாமே கேட்கலாம். மனிதரில் தாய் தருவது எப்போதும் எக்ஸ். எக்ஸோ ஒய்யோ வருவது தந்தையின் விந்தணுவிலிருந்து. பெண் குழந்தை பிறந்ததற்காகத் தாய் ஏச்சு கேட்கும் வீடுகளிலிருந்தும் நம் வகுப்புக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். ஆகவே இங்கே கூடுதலாக ஐந்து நிமிடம் நிற்கிறேன். பழியைத் தந்தை பக்கம் திருப்பவும் விடுவதில்லை. தீக்குச்சியைக் கண்ணை மூடித்தானே எடுத்தோம்?

வீட்டுப்பாடம்: முதல் கலப்பில் வந்த புள்ளிச் சேவலை அதன் கறுப்புச் சகோதரிப் பெட்டையுடன் சேர்த்தால், குஞ்சுகளைப் புள்ளியால் பிரிக்க முடியுமா? முடியாது, இரு பாலிலும் பாதிக்குப் பாதி புள்ளி வரும். கட்டம் போட்டுக் காரணம் எழுதி வரச் சொல்லுங்கள்.