கருகல் வாடை எங்கிருந்து வருகிறது?

கேள்வி: என் பிக்கப் வண்டியில் லோடு ஏற்றிப் போய் நிறுத்தியதும் சூடான கருகல் வாடை அடிக்கிறது. இன்ஜினில் கோளாறு இல்லை என்கிறார் மெக்கானிக். வேறு எங்கே தேடுவது?

பதில்: முதலில் சக்கரங்களைப் பாருங்கள். பிரேக்கை அதிகம் மிதிக்காமல் சிறிது தூரம் ஓட்டி, ஓரங்கட்டுங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொடவேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் வீசினால் அங்கே பிரேக் ஒட்டிப் பிடிக்கிறது, அல்லது பேரிங் போய்விட்டது. பின்சக்கரங்கள் இரண்டும் கொதித்தால் ஹேண்ட் பிரேக் முழுதாக விடுபடுகிறதா என்று சோதியுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

சக்கரங்களில் குறையில்லையா? மேட்டில் ஏறும்போது மட்டும் வாடை வந்தால் கிளட்ச் தேய்கிறது. கிளட்ச் பெடலில் காலை வைத்தபடியே ஓட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். இனிப்பு கலந்த வாடை என்றால் கூலன்ட் கசிகிறது. இன்ஜின் ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. எண்ணெய் கருகும் வாடை என்றால் இன்ஜின் ஆயில் கசிந்து சைலன்சர் குழாயில் சொட்டுகிறதா என்று கீழே குனிந்து பாருங்கள். குழாயில் பாலித்தீன் பை ஒட்டி உருகுவதும் உண்டு.

பிளாஸ்டிக் கருகும் வாடைதான் ஆபத்தானது. குழாயில் பை ஒட்டவில்லை என்றால் ஒயர் எரிந்துகொண்டிருக்கலாம். உடனே வண்டியை நிறுத்தி, பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுங்கள். புகை வந்தால் எல்லோரும் இறங்கி விலகி நில்லுங்கள். காரணம் தெரியும்வரை லோடு ஏற்றாதீர்கள்.