நீர்மூழ்கிக் கப்பலும் இரட்டைச் சக்திக் காரும்

நமது கடற்படையின் முதல் நீர்மூழ்கிக் கப்பல், கெடா மாநிலத்து அலோர்ஸ்டாரில் பிறந்த துங்கு அப்துல் ரஹ்மானின் பெயரைத் தாங்கியுள்ளது. 2009ஆம் ஆண்டில் சேவையில் சேர்ந்த அக்கப்பலில் டீசல் இயந்திரம் மின்கலங்களுக்கு மின்சாரம் ஏற்றுகிறது. அம்மின்சாரத்தால் இயங்கும் மோட்டார் கப்பலைச் செலுத்துகிறது. காற்றில்லாத நீரடியில் டீசல் இயந்திரம் ஓடாது; அங்கு மின்கலமே துணை. மோட்டாரின் ஓசை குறைவாதலால் எதிரியும் எளிதில் அறியான். 1900ஆம் ஆண்டிலேயே அமெரிக்கக் கடற்படை வாங்கிய ‘ஹாலந்து’ என்ற கப்பல் பெட்ரோலும் மின்சாரமும் கொண்டு இயங்கியது.

இவ்விரண்டையும் இணைக்கும் முறை இன்று சாலையிலும் பயன் தருகிறது. 1997இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் ‘ஹைபிரிட்’ எனும் இரட்டைச் சக்திக் காராகும். சுங்கைப்பட்டாணி போன்ற நகரங்களில் விளக்குதோறும் நின்று செல்லும்பொழுது, மெதுவான ஓட்டத்தை மோட்டார் ஏற்றுக்கொள்கிறது. பிரேக் பிடிக்கையில் வீணாகும் சக்தியில் ஒரு பகுதி மின்சாரமாகி மின்கலத்தில் சேர்கிறது. எனவே எண்ணெய்ச் செலவு குறைகிறது. கூலிமிலுள்ள தொழிற்சாலையிலும் இவ்வகைக் கார்கள் பொருத்தப்பட்டுள்ளன.

ஆகவே, மோட்டார்த் தொழில் கற்கும் நம் பிள்ளைகள் மின்தொழிலையும் சேர்த்துக் கற்பது நலம். இயந்திரம் மாறினும் சக்கரத்திற்கு டயர் வேண்டும். டயருக்கு நாம் சீவும் மரத்தின் பால் வேண்டும்.