நெல்லிக்காய் தின்றால் நிறம் மாறுமா?

ஐப்பசி பிறந்து மழை பிடித்ததும் சந்தையில் கொய்யாவும் மாதுளையும் குவிகின்றன. கூடவே முகப்பொலிவுக் குறிப்புகளும். அவற்றில் பாதி சரி, பாதி தப்பு. தப்புகளில் பெரும்பாலானவை சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. ஒன்று மட்டும் ஆளைக் கெடுப்பது. அது கடைசியில் வருகிறது.

நம்பிக்கை: நெல்லிக்காய் எவ்வளவு தின்கிறோமோ, அவ்வளவு முகம் பளபளக்கும்.

உண்மை: தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தை உடல் உருவாக்க வைட்டமின் சி வேண்டும். மாதக்கணக்கில் அது கிடைக்காவிட்டால் ஈறு வீங்கும், தோலில் ரத்தப் புள்ளிகள் தோன்றும், ஆறிய புண்கூட மறுபடி திறந்துகொள்ளும். பழைய கப்பலோட்டிகளைக் கொன்ற ஸ்கர்வி நோய் இதுதான். ஆனால் நமக்கு வேண்டிய அளவு சொற்பம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி நாளொன்றுக்கு ஆணுக்கு 80 மி.கி., பெண்ணுக்கு 65 மி.கி. நூறு கிராம் நெல்லியில் 200 மி.கி.க்கு மேல் இருக்கிறது; கொய்யாவிலும் அப்படியே. பாதிக் கொய்யாவோடு அன்றைய கணக்கு தீர்ந்தது. மிஞ்சுவது சிறுநீரில் போய்விடும். புகழெல்லாம் நெல்லிக்குப் போய்விட்டாலும், ஆயக்குடிக் கொய்யாவைக் குழந்தைகள் முகம் சுளிக்காமல் தின்பார்கள் என்பதையும் யோசியுங்கள். தேன் நெல்லியா? சூட்டில் வைட்டமின் குறையும், பாகில் சர்க்கரை ஏறும். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்ததுகூட ஆயுளுக்காகத்தான், நிறத்துக்காக அல்ல.

நம்பிக்கை: அந்தந்தப் பருவத்தில் தோலுக்கு என்ன தேவையோ அதையே இயற்கை விளைவிக்கிறது.

உண்மை: எந்தச் செடியும் நம் முகத்தை நினைத்துக் காய்ப்பதில்லை. பருவத்துக் காய்கனியின் லாபம் விலையும் புதுமையும். பறித்து நாளான கீரையில் வைட்டமின் சி வேகமாகக் குறைகிறது. காலையில் பறித்ததை மதியம் சமைத்தால் அந்த இழப்பு குறைவு. அவ்வளவுதான் ரகசியம்.

நம்பிக்கை: பரங்கிக்காயும் சக்கரைவள்ளிக் கிழங்கும் சாப்பிட்டால் வெயில் அண்டாது, மேனி பொன்னாகும்.

உண்மை: மஞ்சள், ஆரஞ்சு நிறக் காய்களில் உள்ள பீட்டா கரோட்டினை உடல் வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்கிறது, தோல் வறண்டு சொரசொரப்பாகாமல் இருக்க அது வேண்டும். ஆனால் நம் சந்தையில் அதிகம் விற்கும் சக்கரைவள்ளி, தோல் சிவந்து உள்ளே வெளுத்தது. அதில் பீட்டா கரோட்டின் பெயருக்குத்தான். திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ‘பூ சோனா’ போன்ற ஆரஞ்சு ரகங்களில்தான் அது ஏராளம். கொஞ்சம் எண்ணெயோ தேங்காயோ சேர்த்தால் உடலில் நன்றாகச் சேரும். பரங்கிக்காய்க் கூட்டில் அதை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறோம். தினமும் அளவுக்கு மீறித் தின்றால் மேனி பொன்னாவது உண்மைதான்: உள்ளங்கை மஞ்சளாகிவிடும்! மஞ்சள் காமாலையோ என்று பதற வேண்டாம். இதில் கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். தீனியைக் குறைத்தால் சரியாகிவிடும். வெயிலுக்குக் குடைதான், பரங்கிக்காய் அல்ல.

நம்பிக்கை: மாதுளையும் பீட்ரூட்டும் தின்றால் சிவப்பாகலாம்.

உண்மை: ஆக முடியாது. நிறத்தைத் தீர்மானிப்பது மரபுவழி வந்த மெலனின். ஆகவேண்டிய அவசியமும் இல்லை.

நம்பிக்கை: புளிப்புத் தின்றால், மீனோடு தயிர் சேர்த்தால் வெண்புள்ளி வரும், வந்தவர்கள் நெல்லி, எலுமிச்சையைத் தொடக்கூடாது.

உண்மை: படித்தவர் வீடுகளிலும் இதைக் கேட்கலாம். உடலின் எதிர்ப்பு அணுக்களே நிறமிச் செல்களைத் தாக்கி அழிப்பதால் வருவது வெண்புள்ளி. அது தொற்றாது, தொழுநோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எந்தப் புளிப்பும் அதைக் கொண்டுவருவதாகவோ பரப்புவதாகவோ நிரூபணம் இல்லை. ஆனால் பத்தியத்தின் பெயரால் வளர்கிற பிள்ளையின் தட்டிலிருந்து பழம், மோர், மீன் எல்லாம் போகின்றன. அதைவிடக் கேடு, பத்தியத்தை நம்பி மருத்துவரிடம் போகாமல் கழிகிற மாதங்கள். களிம்பும் ஒளிச் சிகிச்சையும் இன்று இருக்கின்றன. வெண்புள்ளியைக் கண்டால் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள், தோல் மருத்துவரைப் பாருங்கள். முகத்தில் வந்ததைத் தொடக்கத்திலேயே கவனித்தால் பெரும்பாலும் நிறம் திரும்புகிறது. விரல் நுனியில் வந்ததுதான் எளிதில் மசியாது.